விசாவையும் குடியுரிமையையும் ஒரே வரியில் எழுதுகிறவர்களுக்கு

கூடலூர், பந்தலூர், குன்னூர், கோத்தகிரி, ஊட்டி பகுதிகளில் வெளிநாட்டுப் படிப்புக்கும் வேலைக்கும் ஆள் அனுப்பும் ஆலோசனை மையங்களை நடத்துகிறவர்களுக்கு வணக்கம்.

உங்களில் யாரோ ஒருவருடைய நோட்டீஸ் போன வாரம் என் கைக்கு வந்தது. கூடலூர் பேருந்து நிலையத்தில் டீ குடித்துக்கொண்டிருந்தபோது ஒரு பையன் கொடுத்துவிட்டுப் போனான். இடப்பக்கம் கனடாக் கொடியின் சிவப்பு மேப்பிள் இலை, வலப்பக்கம் பட்டமளிப்புத் தொப்பி போட்ட பெண். நடுவில் பெரிய எழுத்தில் இரண்டு வரி: ‘படிக்கும்போதே பி.ஆர். உறுதி! விசா வந்தால் குடியுரிமை வந்த மாதிரி!’ பி.ஆர். என்றால் வெளிநாட்டில் நிரந்தரமாகக் குடியிருக்கும் அனுமதி. இரண்டு வரியும் பொய். எழுத்துப் பிழை மட்டும் இல்லை, அதற்காகப் பாராட்டலாம்.

நான் அஞ்சல் துறையில் 38 வருடம் வேலை பார்த்து 2022-ல் ஓய்வு பெற்றவன். பந்தலூர்ப் பக்கம் குடியிருக்கிறேன். சனிக்கிழமை காலைகளில் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து மனு எழுதித் தருவது பழக்கம். முதியோர் பென்ஷன், சாதிச் சான்று, பட்டா மாறுதல், யானை மிதித்த வாழைக்கு நஷ்டஈடு, இப்படித்தான் இருந்தது. கடந்த நாலைந்து வருடமாக அந்த வரிசையில் விசாக் காகிதமும் வந்து நிற்கிறது. தோட்டத் தொழிலாளியின் மகள், கொழுந்து விற்றுப் படிக்கவைத்த வீட்டுப் பையன், நர்சிங் முடித்த மருமகள் என்று எல்லோரும் ஆங்கிலத்தில் பத்துப் பக்கத்தைக் கொண்டு வந்து “இதுல என்ன போட்டிருக்கு அங்கிள்?” என்று கேட்கிறார்கள். கையெழுத்துப் போட்ட பிறகு கேட்கிறார்கள் என்பதுதான் என் வருத்தம். அதற்காகத்தான் இந்த மடல்.

எனக்குக் காகிதம் என்றால் கொஞ்சம் பயம் உண்டு. அதற்குக் காரணத்தைச் சொல்லிவிடுகிறேன்.

நான் இலங்கையில் ஹட்டன் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் 1962-ல் பிறந்தவன். என் அப்பாவும் அங்கேதான் பிறந்தார். தாத்தாதான் திருச்சிச் சீமையிலிருந்து, தோட்டத்துக்கு ஆள் சேர்க்கும் கங்காணி பின்னால் போனவர். 1948-ல் இலங்கை கொண்டுவந்த குடியுரிமைச் சட்டம், அங்கேயே பிறந்து அங்கேயே கொழுந்து பறித்த லட்சக்கணக்கானவர்களை எந்த நாட்டுக்கும் சேராதவர்களாக ஆக்கியது. 1964 அக்டோபர் 30-ஆம் தேதி இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் ஓர் ஒப்பந்தம் போட்டார்கள். 9,75,000 பேரைக் கணக்கெடுத்து, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதி 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றார்கள். அந்த மீதியை 1974-ல் இந்திரா காந்தியும் சிறிமாவோவும் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். சந்தையில் ஆடு பங்கு போடுகிற மாதிரிதான். ஆட்டைக் கேட்கவா செய்வார்கள்?

நாங்கள் குடியிருந்த லயத்துக்கும், அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டுக்கும், படிவம் வந்தது. ஆங்கிலத்தில். கணக்கப்பிள்ளை நிரப்பினார். “இது என்னங்கய்யா?” என்று அப்பா கேட்டதற்கு, “இந்தியாவுக்குப் போய்வர பாஸ்போர்ட்” என்றாராம். ‘போய்வர’ என்ற சொல்லை அப்பா சாகும்வரை மறக்கவில்லை. அது போய்வரும் காகிதம் இல்லை, பிரஜாவுரிமைக்கான மனு. கையெழுத்துப் போட்டால் இலங்கைக்குத் திரும்பி வர உரிமை கிடையாது என்று யாரும் சொல்லவில்லை. பக்கத்து லயத்திலிருந்த பெரியப்பாவின் படிவத்தை வேறொருவர் நிரப்பினார். அவருக்கு இலங்கைப் பிரஜாவுரிமை கிடைத்தது. கூடப் பிறந்தவர்கள் இரண்டு தேசம் ஆனார்கள். 1973-ல் நாங்கள் கோச்சி (ரயில்) ஏறிய அன்று, பெரியப்பா ஸ்டேஷன் வரை வந்து அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். அப்புறம் தலைமன்னார், ராமானுஜம் கப்பல், ராமேஸ்வரம், மண்டபம் முகாம். அங்கே கொடுத்த குடும்ப அட்டையை இன்றும் பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்திருக்கிறேன். தாயகம் திரும்பியவர்களின் பேரப்பிள்ளைகளுக்குக்கூட ஒரு சான்றிதழ் வாங்க அந்த அட்டை தேவைப்படுகிறது.

இது என்ன பழங்கதை, எங்கள் தொழிலுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். ஒரே சம்பந்தம்தான். வேறு மொழியில் எழுதிய படிவத்தை ஒருவர் நிரப்புகிறார், ஒருவர் கையெழுத்துப் போடுகிறார், நிரப்புகிறவர் சொன்ன ஒற்றைச் சொல்லை நம்பி ஒரு குடும்பமே இடம் மாறுகிறது. அன்றைக்கு அந்தச் சொல் ‘பாஸ்போர்ட்’. இன்றைக்கு ‘பி.ஆர்.’

என் திண்ணைக்கு வருகிறவர்களுக்கு நான் இப்படிச் சொல்வது வழக்கம். விசா என்பது எஸ்டேட் லயம். வேலை இருக்கிற வரை வீடு. செக்ரோலில், அதாவது தோட்டத்துப் பெயர்ப் பதிவேட்டில், பெயர் அடிபட்டால் சாமானைக் கட்ட வேண்டியதுதான். பி.ஆர். என்பது நிபந்தனைப் பட்டா. குடியிருக்கலாம், பயிர் வைக்கலாம், ஆனால் அங்கேயே இருக்க வேண்டும், நிபந்தனையை மீறினால் ரத்தாகும். குடியுரிமை என்பது சொந்தப் பட்டா. 1969-ல் வந்த கூடலூர் ஜென்ம நில ஒழிப்புச் சட்டத்தின் சிக்கல் இன்னும் தீராத ஊர் இது. பட்டா என்று சொன்னாலே ஆளுக்கொரு பெருமூச்சு வரும். அதனால் இந்த உவமை இங்கே யாருக்கும் இரண்டாம் முறை சொல்ல வேண்டியதில்லை. உங்கள் கவுண்டரிலும் இதைச் சொல்லலாம், எனக்கு ராயல்டி வேண்டாம்.

லயத்திலேயே பல வகை உண்டு. கடவுச்சீட்டில் ஒட்டுகிற விசா ஸ்டிக்கர் வாசல்வரை போக அனுமதி, அவ்வளவுதான். கனடாவில் படிக்கிற பிள்ளைக்கு ஸ்டிக்கர் வேறு, ‘ஸ்டடி பர்மிட்’ வேறு. எத்தனை நாள் தங்கலாம் என்பதைப் பர்மிட் சொல்கிறது. அமெரிக்காவில் விசாவில் ஐந்து வருடம் என்று போட்டிருந்தாலும், தங்கும் காலத்தைத் தீர்மானிப்பது இறங்கியதும் பதிவாகும் ஐ-94 என்ற வருகைப் பதிவு. மாணவர் விசாவுக்கு நேர்காணல் கொடுக்கிற பிள்ளை, படித்து முடித்துத் திரும்பி வருவேன் என்று அதிகாரியை நம்பவைக்க வேண்டும். நீங்கள் அந்தப் பிள்ளையிடம் ‘குடியுரிமை வந்த மாதிரி’ என்று சொல்லி அனுப்புகிறீர்கள். உள்ளே போய் அது எதைச் சொல்லும்?

கனடாக் கதைக்கு வருகிறேன், நோட்டீஸில் இருந்தது அந்த இலைதானே. கோத்தகிரிப் பக்கத்து ஹட்டி (படுகர் ஊர்) ஒன்றில் என்னோடு தபால் இலாகாவில் வேலை பார்த்த நண்பர் இருக்கிறார். பச்சைத் தேயிலைக்கு வருகிற விலையை வைத்து மகனை இங்கே வைத்திருக்க முடியாது என்று முடிவு செய்து, தோட்டத்தின் பேரில் கடன் வாங்கி அனுப்பினார். இரண்டு வருட டிப்ளமா. ‘படிப்பு முடிந்ததும் மூன்று வருட ஒர்க் பர்மிட், உடனே பி.ஆர்.’ என்று அவருக்குச் சொன்ன மையம் இப்போது வேறு ஊரில் வேறு பெயரில் இருக்கிறதாம். பையன் சேர்ந்த தனியார் கல்லூரியில் படித்தவர்களுக்கு, படிப்புக்குப் பிந்தைய ஒர்க் பர்மிட்டே கிடையாது என்று அங்கே போய் இறங்கிய பிறகுதான் தெரிந்தது. 2024 மே 15 முதல், அரசுக் கல்லூரியின் பாடத்திட்டத்தைத் தனியார் கல்லூரி நடத்தும் படிப்புகளில் புதிதாகச் சேருகிறவர்களுக்கு அந்தப் பர்மிட் இல்லை. அதே ஆண்டு நவம்பர் முதல், பட்டப்படிப்பு அல்லாத பல படிப்புகளுக்கு எந்தத் துறை என்றும் பார்க்கிறார்கள். ஊட்டியில் ஏ.சி. அறையில் உட்கார்ந்திருக்கிற ஆலோசகருக்கு இது தெரியாது என்றால் அவர் எதற்கு ஆலோசகர்? தெரிந்தும் சொல்லவில்லை என்றால் அதற்குப் பெயர் வேறு.

சரி, பர்மிட் கிடைத்ததாகவே வைத்துக்கொள்வோம். பி.ஆர். தானாக வருமா? 2015 முதல் கனடா ‘எக்ஸ்பிரஸ் என்ட்ரி’ என்று ஒரு வரிசை வைத்திருக்கிறது. மொத்தம் 1200 புள்ளி. வயது, படிப்பு, மொழி, வேலை அனுபவம் எல்லாவற்றுக்கும் புள்ளி உண்டு. 20 முதல் 29 வயது வரை வயதுக்கு முழுப் புள்ளி. 30-லிருந்து குறையத் தொடங்கி 45-ல் பூஜ்யம். ஏதாவது ஒரு மாகாணம் ‘எங்களுக்கு இவர் வேண்டும்’ என்று பரிந்துரைத்தால் 600 புள்ளி ஒரேயடியாக ஏறும். வேலைக் கடிதத்துக்குக் கிடைத்துவந்த கூடுதல் புள்ளியை 2025 மார்ச்சில் எடுத்துவிட்டார்கள். வரிசையில் யார் மேலே நிற்கிறார்களோ அவர்களைத்தான் அழைப்பார்கள். இத்தனை புள்ளி எடுத்தால் நிச்சயம் என்று யாராலும் சொல்ல முடியாது. 2025-ல் 5,00,000 பேரைச் சேர்ப்போம் என்று சொன்ன கனடா, 2024 அக்டோபரில் அதை 3,95,000 ஆகக் குறைத்தது. ‘உறுதி’ என்ற சொல்லை அந்த நாட்டின் அமைச்சரே பயன்படுத்த முடியாத நிலையில், நீங்கள் நோட்டீஸில் ஆச்சரியக்குறியோடு போடுகிறீர்கள்.

இங்கிலாந்து விஷயம் என் வீட்டு விஷயம். என் தங்கை மகள் நர்சிங் முடித்தவள். 2024 ஜனவரியில் ஒரு மையத்துக்கு 14 லட்சம் ரூபாய் கட்டினாள். தங்கையின் நகை, என் ரிட்டையர்மென்ட் பணத்தில் கொஞ்சம், மீதி வட்டிக்கு. முதியோர் இல்லத்தில் பராமரிப்பு வேலை, ஐந்து வருடத்தில் குடியுரிமை, மூன்று மாதத்தில் கணவரையும் குழந்தையையும் அழைத்துக்கொள்ளலாம் என்று சொன்னார்கள். ஏப்ரலில் விமானம் ஏறினாள். ஆனால் அந்தப் பராமரிப்பு வேலை விசாவுக்குப் புதிதாக விண்ணப்பிப்பவர்கள் கணவன், மனைவி, பிள்ளைகளை அழைத்துவரும் வழியை இங்கிலாந்து அரசு மார்ச் 11-ஆம் தேதியே மூடிவிட்டது. நாடே அறிந்த செய்தி. பணத்தை வாங்கிக்கொண்டவர்கள் மட்டும் வாயைத் திறக்கவில்லை. குழந்தைக்கு அப்போது நான்கு வயது. இன்றைக்கும் அது என் தங்கையிடம்தான் வளர்கிறது; அம்மா போனுக்குள் இருக்கிறாள் என்று எல்லோரிடமும் சொல்லும்.

அதோடு முடியவில்லை. அவளுக்கு வேலை கொடுத்த நிறுவனம் வாரத்துக்குப் பத்து மணி நேரம்தான் வேலை தந்தது. பிறகு வெளிநாட்டு ஆட்களை எடுக்க அந்த நிறுவனத்துக்கு இருந்த ஸ்பான்சர் உரிமத்தையே அரசு பிடுங்கிவிட்டது. அவளுக்கு வந்த கடிதத்தில் 60 நாள் கெடு. அதற்குள் புது ஸ்பான்சர் கிடைக்க வேண்டும், இல்லாவிட்டால் கிளம்ப வேண்டும். மையத்துக்குப் போன் செய்தால் ‘நீங்கள் அழைத்த எண் தற்போது உபயோகத்தில் இல்லை’. 52-ஆம் நாள் வேறொரு இல்லத்தில் இடம் கிடைத்தது. மாரியம்மனுக்கு நேர்ந்துகொண்டதால் கிடைத்தது என்கிறாள் என் தங்கை. எனக்கு மறுக்கத் தோன்றவில்லை.

‘ஐந்து வருடத்தில் குடியுரிமை’ என்பதையும் பார்த்துவிடுவோம். அவள் போனபோது இருந்த விதிப்படி, திறன் பணியாளர் விசாவில் ஐந்து வருடம் இருந்தால் விண்ணப்பிக்க முடிவது நிரந்தரக் குடியிருப்புக்குத்தான். அதற்கு ஆங்கிலத் தேர்வு, ‘இங்கிலாந்து வாழ்க்கை’ என்று 24 கேள்விகள் கொண்ட ஒரு தேர்வு. அதில் 18 சரியாக எழுத வேண்டும். பொதுவாக அதன் பிறகு இன்னும் ஒரு வருடம் கழித்துத்தான் குடியுரிமைக்கு மனுவே போட முடியும். 2025 மே மாதம் அந்த ஐந்தைப் பத்தாக ஆக்கப்போகிறோம் என்று அந்த அரசு வெள்ளை அறிக்கை வெளியிட்டது. அதே ஆண்டு ஜூலை 22 முதல், வெளிநாட்டிலிருந்து பராமரிப்புப் பணியாளர்களைப் புதிதாக எடுப்பதே நின்றுவிட்டது. அதற்குப் பிறகும் குன்னூரில் ஒரு சுவரில் ‘யு.கே. கேர் விசா’ போஸ்டரைப் பார்த்தேன். பசை காயாமல் இருந்தது.

அந்த 14 லட்சத்தில் பெரும்பங்கு ‘ஸ்பான்சர்ஷிப் சான்றிதழுக்கு’ என்று ரசீது இல்லாமல் வாங்கப்பட்டது. அந்தச் சான்றிதழ் விலைக்கு விற்கும் பொருளே இல்லை. ஆள் எடுக்கும் நிறுவனம் தன் கையிலிருந்து கட்ட வேண்டிய கட்டணம் அது. நம் நாட்டுச் சட்டமும் சும்மா இல்லை. 1983-ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டப்படி, வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்புகிறவர் மத்திய அரசில் பதிவு செய்திருக்க வேண்டும். வேலைக்குப் போகிறவரிடம் சேவைக் கட்டணமாக வாங்கக்கூடியது அதிகபட்சம் 30,000 ரூபாயும் அதற்கான ஜி.எஸ்.டி.யும். பதிவு பெற்றவர்களின் பட்டியல் மத்திய அரசின் இ-மைக்ரேட் இணையதளத்தில் எல்லோரும் பார்க்கும்படி இருக்கிறது. ஆனால் இந்தச் சட்டம் வேலைக்கு அனுப்புகிறவரைத்தான் பிடிக்கும், படிக்க அனுப்புகிறவரை அல்ல. அந்த ஓட்டை உங்களுக்கும் தெரியும். அதனால்தான் சிலர் பலகையில் ‘கல்வி ஆலோசனை’ என்று எழுதி உள்ளே வேலை விசா பேசுகிறீர்கள்.

அரசு வழி இல்லாமலும் இல்லை. தமிழக அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் சென்னையில் 1978 முதல் இருக்கிறது. நர்சுகளை வளைகுடாவுக்கும் மற்ற நாடுகளுக்கும் அனுப்புகிறது. இங்கே யாருக்கும் அந்தப் பெயரே தெரியவில்லை. தெரியப்படுத்துவது உங்கள் வேலையும் இல்லை, ஒப்புக்கொள்கிறேன். இன்னொரு விஷயம் எனக்கு எப்போதும் வேடிக்கையாக இருக்கும். தாயகம் திரும்பிய எங்களைப் பார்த்துக்கொண்ட மறுவாழ்வுத் துறையும், இன்று வெளிநாடு போகிறவர்களைப் பார்த்துக்கொள்ளும் அயலகத் தமிழர் நலனும் ஒரே ஆணையரகத்தில்தான் இருக்கின்றன. வந்தவர்களுக்கும் போகிறவர்களுக்கும் ஒரே கதவு.

வளைகுடா பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. கேரளா பக்கம் என்பதால் கூடலூரிலிருந்து போகிறவர்கள் நிறைய. சாதாரண வேலைக்குப் போகிறவருக்கு அங்கே லயம் மட்டும்தான், பட்டாவே கிடையாது. இருபது வருடம் உழைத்தாலும் வேலை முடிந்தால் திரும்ப வேண்டும். அது போகிறவர்களுக்கும் தெரியும். அந்த வகையில் வளைகுடா ஏஜென்டுகள் உங்களைவிட நேர்மையானவர்கள் என்று சொன்னால் கோபித்துக்கொள்ளாதீர்கள்.

பி.ஆர். வாங்கிவிட்டவர்களும் என்னிடம் வருகிறார்கள். ‘பி.ஆர். ஆயிடுச்சு, இனி கவலையில்லை, அம்மாவைப் பார்த்துக்க ரெண்டு வருஷம் ஊர்ல இருக்கப் போறேன்’ என்று ஒரு பெண் சொன்னாள். நிபந்தனைப் பட்டா என்பதை அவளுக்கு யாரும் சொல்லவில்லை. கனடாவில் எந்த ஐந்து வருடத்தை எடுத்தாலும் 730 நாள் அங்கே இருந்திருக்க வேண்டும். இங்கிலாந்தில் தொடர்ந்து இரண்டு வருடம் வெளியே இருந்தால் பொதுவாக அந்த அனுமதி போய்விடும். ஆஸ்திரேலியாவில் நிரந்தர விசாவோடு வரும் ஐந்து வருடப் பயண அனுமதி முடிந்த பிறகு வெளியே போனால், திரும்பி நுழையத் தனி விசா வேண்டும். பி.ஆர். வைத்திருப்பவருக்கு அந்த நாட்டு பாஸ்போர்ட் இல்லை; கனடா, ஆஸ்திரேலியா, அமெரிக்கா போன்ற இடங்களில் நாட்டின் தேர்தலில் ஓட்டும் இல்லை. குற்றம் செய்தால் நாடு கடத்தலாம். கனடாவில் 2018 டிசம்பர் முதல் குடித்துவிட்டு வண்டி ஓட்டுவதும் அந்தப் பெரிய குற்றங்களில் சேர்ந்துவிட்டது. நம் பையன்களுக்கு வேறெதையும் சொல்லாவிட்டாலும் இதையாவது சொல்லி அனுப்புங்கள்.

குடியுரிமைக்கு நாட்டுக்கு நாடு நாள் கணக்கு. கனடாவில் மனு போடுவதற்கு முந்தைய ஐந்து வருடத்தில் 1095 நாள். ஆஸ்திரேலியாவில் சட்டப்படி நான்கு வருடம், அதில் கடைசி ஒரு வருடமாவது பி.ஆர். ஆக. ஜெர்மனி 2024 ஜூனில் எட்டு வருடத்தை ஐந்தாகக் குறைத்தது; மொழி வராமல் அங்கே எதுவும் நடக்காது. அமெரிக்காவில் கிரீன் கார்டு கிடைத்து ஐந்து வருடம் என்பார்கள். அந்தக் கார்டு கிடைப்பதுதான் கஷ்டம். வேலை வழியாக வருகிற கிரீன் கார்டில் ஒரு நாட்டுக்கு ஏழு சதவீதம் என்று வரம்பு இருப்பதால், இந்தியர்கள் பலர் பத்து வருடத்துக்கு மேல் வரிசையில் நிற்கிறார்கள்.

இதில் உங்களில் ஒருவர்கூடச் சொல்லாத ஒரு பக்கம் இருக்கிறது. இந்தியா இரட்டைக் குடியுரிமை தருவதில்லை. வேறு நாட்டுக் குடியுரிமையை விரும்பி ஏற்றுக்கொண்ட நிமிடத்தில் இந்தியக் குடியுரிமை போய்விடும். பழைய பாஸ்போர்ட்டைத் தூதரகத்தில் ஒப்படைக்க வேண்டும், அதை வைத்துக்கொண்டு பயணம் செய்வது குற்றம். ஜெர்மனி இரண்டை வைத்துக்கொள்ள விட்டாலும் இந்தியா விடாது. அதற்குப் பதில், வெளிநாட்டுக் குடிமக்களாகிவிட்ட இந்திய வம்சாவளியினருக்கு இந்தியா தரும் ஓ.சி.ஐ. அட்டை வாங்கிக்கொள்ளலாம். அதை வைத்து எத்தனை முறை வேண்டுமானாலும் வந்து போகலாம், ஆனால் ஓட்டு இல்லை, அரசு வேலை பொதுவாக இல்லை. நீலகிரிக்காரர்கள் நின்று கவனிக்க வேண்டிய இடம் இது: ஓ.சி.ஐ. அட்டைக்காரர் விவசாய நிலமோ தோட்டமோ விலைக்கு வாங்க முடியாது. வாரிசாக வந்தால் வைத்துக்கொள்ளலாம். கோத்தகிரி நண்பர் இதைக் கேட்டதும் கொஞ்ச நேரம் பேசவில்லை. “அப்போ இவன் அங்க சம்பாதிச்சு பக்கத்து ஒரு ஏக்கரை வாங்கிப் போடுவான்னு நான் நினைச்சது?” என்றார். குடியுரிமை மாறாதவரை வாங்க வழியில்லையா என்றால், வெளிநாட்டில் குடியிருக்கிற இந்தியருக்கும் அதே தடைதான். திரும்பி வந்து இங்கேயே குடியமர்ந்தால்தான் வாங்கலாம். பையனுக்கு அது பிறகு தேவைப்படலாம், படாமலும் போகலாம். ஆனால் தோட்டத்தை அடகு வைக்கும் முன் தெரிந்திருக்க வேண்டும் அல்லவா?

குடியுரிமைக் கோடு எவ்வளவு மெல்லியது என்பதற்கு வெளிநாடு போக வேண்டாம். 1983 கலவரத்துக்குப் பிறகு படகேறி வந்தவர்களில் எங்கள் இலங்கை மலையகத்து ஆட்களும் உண்டு. கப்பல் நின்றுவிட்டதால் ஒப்பந்தப்படி வர முடியாமல் அகதியாக வந்தார்கள். இந்தியச் சட்டப்படி 1950 ஜனவரி 26-க்கும் 1987 ஜூலை 1-க்கும் இடையில் இந்த மண்ணில் பிறந்தவர் இந்தியக் குடிமகன். அதற்குப் பின் பிறந்தால் பெற்றோரில் ஒருவராவது குடிமகனாக இருக்க வேண்டும். 2004 டிசம்பருக்குப் பின் விதி இன்னும் இறுகியது. ஆக ஒரே முகாமில் 1986-ல் பிறந்த அக்காள் சட்டப்படி இந்தியர், 1988-ல் பிறந்த தம்பி நாடற்றவன். மண்டபம் முகாமில் 1986-ல் பிறந்த ஒரு பெண் 2022-ல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்குப் போய்த்தான் பாஸ்போர்ட் உத்தரவு வாங்கினார். 2024 தேர்தலில் முதல்முறையாக ஓட்டுப் போட்டார். ஒரு தேதி, ஒரு முத்திரை, அவ்வளவுதான் வித்தியாசம். இப்படிப்பட்ட விஷயத்தை நோட்டீஸில் ‘வந்த மாதிரி’ என்று எழுத உங்களுக்கு எப்படி மனசு வந்தது?

எல்லோரையும் ஒரே கூடையில் போடவில்லை. குன்னூரில் ஒரு பெண் நடத்தும் சிறிய மையத்துக்கு ஒரு பையனோடு போயிருந்தேன். அவனுடைய மதிப்பெண்ணையும் வயதையும் பார்த்துவிட்டு, “தம்பி, உனக்கு பி.ஆர். கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம். படிப்புக்காக மட்டும் போறதா இருந்தா போ” என்றார். அவன் போகவில்லை. அந்த அம்மாவுக்குக் கமிஷன் போயிற்று. ஆம், கமிஷன். கல்லூரிகள் முதல் வருடக் கட்டணத்தில் ஒரு பங்கை உங்களுக்குத் தருகின்றன என்பது பெற்றோர்கள் பலருக்குத் தெரியாது. ‘எங்கள் சேவை முற்றிலும் இலவசம்’ என்று பலகையில் எழுதுவதன் கணக்கு அது. வாங்குவதில் தப்பில்லை, எந்தக் கல்லூரி அதிகம் தருகிறதோ அங்கே பிள்ளையைத் தள்ளுவதுதான் தப்பு.

பையன்கள் பக்கமும் தவறு இருக்கிறது. உண்மையைச் சொல்கிற மையத்தை விட்டுவிட்டு ‘உறுதி’ என்று சொல்கிற மையத்தைத் தேடிப் போகிறார்கள். பொய்யான வேலை அனுபவச் சான்று கேட்டு என்னிடமே வந்தவன் உண்டு. தபால் முத்திரை வேறு வேண்டுமாம். திட்டி அனுப்பினேன். போலி அனுமதிக் கடிதத்தில் போன இந்திய மாணவர்கள் பலர், படித்து முடித்து வேலைக்கும் போன பிறகு, 2023-ல் கனடாவில் நாடு கடத்தும் நோட்டீஸை எதிர்கொண்டார்கள். அந்த ஆண்டு டிசம்பர் முதல் ஒவ்வொரு கடிதத்தையும் கல்லூரியிடமே கேட்டுச் சரிபார்க்கிறார்கள்.

நான் கேட்பது பெரிய விஷயம் இல்லை. பணம் வாங்கும் முன் ஒரு தாள் கொடுங்கள், தமிழில். இந்தப் பிள்ளை போவது எந்த விசாவில், அது எந்தத் தேதியில் முடிகிறது, வேலை போனால் எத்தனை நாள் தங்கலாம், குடும்பம் கூட வர முடியுமா, பி.ஆருக்கு இதிலிருந்து வழி உண்டா, அந்த வழியில் இன்னும் என்னென்ன தேர்வு, எத்தனை வருடம். உங்களுக்கு யார் எவ்வளவு தருகிறார்கள் என்பதையும் அதிலேயே எழுதுங்கள். கனடாவின் குடிவரவு மனுவை நீங்களே கட்டணம் வாங்கிக்கொண்டு போடுவதாக இருந்தால் உங்கள் உரிம எண்ணைப் போடுங்கள். அந்த நாட்டு வழக்கறிஞர்கள், குடிவரவு ஆலோசகர்களுக்கு உரிமம் தரும் அந்நாட்டு அமைப்பில் பதிவு பெற்ற ஆலோசகர்கள் போன்ற உரிமம் உள்ளவர்கள் மட்டுமே அதற்குப் பணம் வாங்கலாம். இந்தியாவிலிருந்து செய்தாலும் அதே விதிதான். எண் இல்லையென்றால் ‘இல்லை’ என்று எழுதுங்கள். கீழே உங்கள் கையெழுத்து, தேதி. அப்பாவின் படிவத்தை நிரப்பிய கணக்கப்பிள்ளை கையெழுத்துப் போடவில்லை. அதனால் ஐம்பது வருடம் ஆகியும் எங்களால் யாரிடமும் போய்க் கேட்க முடியவில்லை.

அந்தத் தாளைத் தமிழில் எழுத ஆள் இல்லை என்று சொல்லாதீர்கள். சனிக்கிழமை காலை ஒன்பது மணியிலிருந்து பன்னிரண்டு வரை திண்ணையில்தான் இருப்பேன். மழைக்காலத்தில் மட்டும் உள்ளறை. ஆங்கிலத் தாளைக் கொண்டு வாருங்கள், எழுதித் தருகிறேன், காசு வேண்டாம். வரும்போது அந்த நோட்டீஸில் மிச்சம் இருப்பதையும் கட்டாகக் கொண்டு வாருங்கள். பின்பக்கம் வெறுமையாக இருக்கிறது, மனு எழுதிப் பார்க்க உதவும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அஞ்சல் ஊழியர் ஒருவர்,
பந்தலூர் வட்டம், நீலகிரி.